வெல்டிங் வேலைக்குத் தோல் பூட்ஸ்: அளவு பார்ப்பதும் காலுக்குப் பழக்குவதும்

பிறைவாசி எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்துவந்த நான், அடுத்த மாதம் பிறை என்ற ஊரில் இரும்புக் கட்டமைப்புப் பட்டறை ஒன்றில் வெல்டராகச் சேரவிருக்கிறேன். தொழிற்சாலையில் தந்த இலேசான சப்பாத்தையே அணிந்து பழகியவன் என்பதால், இரும்பு முனை வைத்த தோல் பூட்ஸ் எனக்கு முற்றிலும் புதிது. பட்டறையில் நாள் முழுவதும் நின்றும் குந்தியும் வேலை செய்ய வேண்டியிருக்கும் என்றும், மழை பெய்தால் முற்றத்தில் தண்ணீர் தேங்கும் என்றும் சொல்கிறார்கள்.

தோல் நாளடைவில் விரிந்துகொடுக்கும், ஆகவே அரை அளவு சிறியதாக வாங்கு என்று ஒரு நண்பர் சொன்னார். புது பூட்ஸைத் தண்ணீரில் ஊறவைத்து, அது காலிலேயே காயும்வரை கழற்றாமல் நடந்தால் ஒரே நாளில் பழகிவிடும் என்றார் மற்றொருவர். இதற்கிடையே, பட்டர்வொர்த்தில் ஒரு கடையில் நீண்ட காலம் விற்காமல் இருந்த ஒரு ஜோடியைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்கிறார்கள். தோல் பளபளவென்று புதிதாகவே தெரிகிறது. வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும், கால் புண்ணாகாமல் எப்படிப் பழக்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பழைய ஃபோர்மேன் எழுதியது:

தம்பி, அரை அளவு சிறியதாக வாங்கும் யோசனையை முதலில் கைவிடுங்கள். தோல் விரியும் என்பது உண்மைதான். ஆனால், கால் மடங்கும் இடத்திலும் பக்கவாட்டிலும் அது ஓரளவு விரியுமே தவிர, நீளவாக்கில் விரியாது. இரும்பு முனையோ எத்தனை காலம் போட்டு நடந்தாலும் இம்மியும் நெகிழாது. பாதுகாப்புக் காலணிகளுக்கான ஐஎஸ்ஓ 20345 என்ற அனைத்துலகத் தரத்தின்படி அந்த முனை 200 ஜூல் மோதலைத் தாங்கியாக வேண்டும். அதாவது, 20 கிலோ எடை ஏறத்தாழ 1 மீட்டர் உயரத்திலிருந்து வந்து விழுந்தாலும் விரல் நசுங்கக் கூடாது. அத்தனை உறுதியாகச் செய்யப்பட்ட பொருள் உங்கள் சுண்டுவிரலுக்கு இடம் விடப்போவதில்லை. கடையில் உரசுகிற முனை கடைசிவரை உரசிக்கொண்டேதான் இருக்கும்.

கடைக்குச் சாயங்கால வேளையில் போங்கள்; நின்று உழைத்த கால் அப்போது சற்று வீங்கியிருக்கும், வேலையில் இருக்கப்போகும் காலும் அந்தக் கால்தான். வேலைக்குப் போடப்போகும் தடித்த பருத்திக் காலுறையைக் கையோடு கொண்டுபோய், அதைப் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள். பெரும்பாலோருக்கு ஒரு பாதம் மற்றதைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும் என்பதால், பெரிய பாதத்துக்குப் பொருந்துவதையே எடுக்க வேண்டும். கயிற்றைக் கட்டாமல் பாதத்தை முன்னுக்குத் தள்ளினால், குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடம் வேண்டும். பிறகு கயிற்றை நன்றாக இறுக்கிக் கட்டிக்கொண்டு அங்கேயே குந்தி உட்காருங்கள். வெல்டருக்குப் பாதி நாள் குந்திய நிலையிலேயே போகும். அப்போது இரும்பு முனையின் பின்விளிம்பு விரல் மூட்டுகளின்மேல் ஏறி அழுத்துகிறதா என்பதைப் பொறுமையாகக் கவனியுங்கள். பலர் நின்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டிவிடுவதால் இந்தக் குறை வேலையிடத்துக்கு வந்த பிறகே அவர்களுக்குத் தெரியவருகிறது. நடக்கும்போது குதிகால் சற்றே எழும்பினால் கவலை வேண்டாம், அடிப்பகுதி வளையத் தொடங்கியதும் அது பெரும்பாலும் அடங்கிவிடும்.

வெல்டிங் வேலை என்பதால் இன்னும் சிலவற்றைப் பார்க்க வேண்டும். தீப்பொறி விழுந்தால் நைலான் கயிறு உருகிவிடும், கயிற்றுக்கும் அதன் அடியிலுள்ள நாக்குபோன்ற தோல் பட்டைக்கும் இடையே பொறி தங்கினால் பாதத்தின் மேற்புறம் வெந்துவிடும். ஆகவே, கயிற்றின்மேல் தோல் மூடி உள்ளதையோ, கயிறே இல்லாமல் மாட்டிக்கொள்ளும் வகையையோ தேர்ந்தெடுங்கள். அடிப்பகுதி ரப்பராக இருந்து, எச்.ஆர்.ஓ. என்ற குறியும் இருந்தால் நல்லது. 300 பாகை செல்சியஸ் சூட்டை 1 நிமிடம் தாங்கும் என்பதற்கான குறி அது. காற்சட்டையின் ஓரத்தை பூட்ஸுக்குள் செருகாமல் வெளியே விடுங்கள். உள்ளே செருகினால் பொறி நேராகக் காலுக்குள் இறங்கும்.

ஊறவைக்கும் முறையைத் தயவுசெய்து செய்யாதீர்கள். இன்றைய பூட்ஸ் பலவற்றில் ஒட்டுப்பசையும், அட்டைபோன்ற உள்தட்டும் இருக்கின்றன. தண்ணீரில் ஊறினால் தட்டு உப்பிக் கோணிவிடும், பசை விட்டுப்போகும். தோல் காயும்போது அதிலுள்ள எண்ணெய்ப்பசை குறைந்து, விறைத்து, மடிப்புகளில் வெடிக்கத் தொடங்கும். மேலும், ஈரத்தில் ஊறிய பாதத்தின் தோல் சீக்கிரமே உரிந்துவிடும்.

வேலையில் சேர இன்னும் அவகாசம் இருப்பதால் இந்த வாரமே வாங்கிவிடுங்கள். தினமும் மாலையில் வீட்டுக்குள்ளேயே, கயிற்றை முழுவதும் கட்டிக்கொண்டு, ஒரு மணி நேரம் நடங்கள். அடுக்குமாடியில் குடியிருந்தால் படிகளில் ஏறி இறங்குங்கள், ஏனென்றால் படி ஏறும்போதுதான் தோல் மடிய வேண்டிய இடத்தில் சரியாக மடிகிறது. கழற்றியதும் பாதத்தைப் பாருங்கள். குதிகாலிலோ கணுக்காலிலோ சிவந்த இடம் தெரிந்தால், மறுநாள் அணிவதற்கு முன்பே அங்கே பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ள வேண்டும். கொப்புளம் வந்த பிறகு ஒட்டுவதில் பெரிய பயன் இல்லை. சிவப்பு வராத நாட்களில் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம்.

சப்பாத்துக்காரர் எழுதியது:

ஜார்ஜ்டவுனில் சப்பாத்து பழுதுபார்க்கும் தொழில் செய்கிறேன். ஃபோர்மேன் ஐயா அளவைப் பற்றிச் சொன்ன அனைத்தும் சரி. நான் அந்தப் பாதி விலை ஜோடியைப் பற்றிப் பேச வேண்டும். அதில்தான் எனக்குப் பெரிய அச்சம் இருக்கிறது.

வேலைக்கான பூட்ஸ் பலவற்றின் அடிப்பகுதி பாலியூரித்தேன் என்ற ஒருவகை பிளாஸ்டிக்கால் வார்க்கப்படுகிறது. அது இலேசானது, நடக்க மெத்தென்று இருக்கும், விலையும் குறைவு. ஆனால், காற்றிலுள்ள ஈரம் அதன் வேதிப் பிணைப்புகளைச் சிறுகச் சிறுக அறுத்துக்கொண்டே இருக்கிறது. வெப்பமும் ஈரமும் ஆண்டு முழுவதும் குறையாத பினாங்கில் இந்தச் சிதைவு இன்னும் விரைவாக நடக்கும். பூட்ஸ் பெட்டியைவிட்டு வெளியே வராமல் இருந்தாலும் இது நிற்காது. தோலும் தையலும் கடையில் வாங்கிய நாள்போலவே இருக்கும். அடியின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினால், ஈரம் பட்ட அச்சுவெல்லத்தைப்போல அது பொலபொலவென்று உதிரும். என் மேசைக்கு இப்படி வரும் ஜோடிகளில் பல, அடி தேய்வதற்கு முன்பே உடைந்தவை. உயரத்தில் ஏறி நிற்கும்போது அடி பிளந்து கழன்றால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே பணம் கொடுக்கும் முன் பூட்ஸைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் பெரும்பாலும் ஒரு சிறு வட்டம் வார்க்கப்பட்டிருக்கும். சுற்றிலும் 1 முதல் 12 வரை எண்களும், நடுவில் ஓர் அம்புக்குறியும், ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களும் இருக்கும். அம்பு காட்டும் எண்தான் தயாரித்த மாதம். சிலவற்றில் இந்த விவரம் கயிற்றுக்கு அடியிலுள்ள நாக்குப் பட்டையின் உட்புறச் சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும். தயாரித்து மூன்று ஆண்டுகளுக்கு மேலான பாலியூரித்தேன் அடியை எந்த விலைக்கும் வாங்காதீர்கள் என்பதே என் கருத்து. முழு ரப்பர் அடிக்கு இந்தக் கேடு இல்லை. ஆனால், தரையில் படும் பகுதி மட்டும் ரப்பராக இருந்து, அதற்கும் தோலுக்கும் இடையிலுள்ள மெத்தைப் பகுதி பாலியூரித்தேனாக இருப்பதும் உண்டு என்பதால் பக்கவாட்டில் உற்றுப் பார்க்க வேண்டும்.

பளபளப்பு நல்ல தோலின் அடையாளம் அன்று. மாட்டுத்தோலைக் கிடைமட்டமாகப் பிளந்து, மேல்படலம் நீக்கப்பட்ட கீழ்ப்பகுதியின்மேல் வழவழப்பான பூச்சு பூசி விற்பார்கள். கண்ணுக்கு அழகாக இருக்கும். அதை விரலால் அழுத்தி மடித்தால் ஒரே அகலமான மடிப்பு விழும். மேல்படலம் உள்ள முழுத்தோலோ நுண்ணிய ரேகைகளாகச் சுருங்கி, விரலை எடுத்ததும் மீளும். காலின் வடிவத்துக்கு மெல்ல மெல்ல இணங்குவது அந்த முழுத்தோல்தான். பூச்சுத் தோலுக்கு எண்ணெய் தடவினாலும் உள்ளே இறங்காது, சில மாதங்களில் மடிப்புகளில் பூச்சு உரியும்.

எண்ணெய் விஷயத்திலும் ஒரு சொல். புதுத் தோல் சீக்கிரம் இளக வேண்டும் என்று சிலர் எண்ணெயில் குளிப்பாட்டிவிடுகிறார்கள். அளவுக்கு மீறி எண்ணெய் குடித்த தோல் துவண்டு, கணுக்காலைத் தாங்கும் உறுதியை இழக்கிறது. தீப்பொறி பறக்கும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஆபத்தும்கூட. தேன்மெழுகு கலந்த தோல் களிம்பைத் துணியில் சிறிதளவு எடுத்து, மடிப்புகளிலும் தையல் ஓரங்களிலும் மட்டும் மெல்லியதாகத் தேய்த்தால் போதும். மழையில் நனைந்துவிட்டால் உள்தட்டைக் கழற்றித் தனியாக வைத்து, பழைய நாளிதழைக் கசக்கி உள்ளே திணித்து, தாள் ஈரமானதும் மாற்றி, மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள். வெயிலில் வைக்க வேண்டாம். வசதி இருந்தால் இரண்டு ஜோடிகளை மாற்றி மாற்றி அணியுங்கள். இந்தச் சீதோஷ்ணத்தில் ஒரு நாள் வியர்வை ஓர் இரவில் முழுதாகக் காய்வதில்லை, அங்கேதான் பூஞ்சணம் பிடிக்கிறது.

பாதுகாப்பு அதிகாரி எழுதியது:

சொந்தப் பணத்தைச் செலவிடும் முன் முதலாளியிடம் கேளுங்கள். மலேசியாவின் 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 26ஆவது பிரிவு, அச்சட்டத்தின்படி தொழிலாளிக்குத் தரப்படும் எதற்கும் அவரிடம் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்கிறது. நிறுவனமே வாங்கித் தந்தாலும், உங்கள் பாதத்தின் அளவை நேரில் சரிபார்க்க வேண்டும் என்று மரியாதையாக வற்புறுத்துங்கள். முற்றத்தில் தண்ணீரும் ஆணி, கம்பித் துண்டுகளும் இருக்கும் இடம் என்றால் எஸ்3 என்ற குறியுள்ளதைக் கேளுங்கள்; நீர் எளிதில் ஊடுருவாத மேல்தோலும், ஆணி குத்தாத அடித்தகடும், பிடிப்புள்ள அடியும் அதில் அடங்கும். எஸ்1 வகைக்கு அந்த நீர்த்தடுப்பு கிடையாது. தொழிற்சாலையில் அணிந்த சப்பாத்து நிலைமின்னை வெளியேற்றுவதற்காகச் செய்யப்பட்டது. மின்தாக்குதலிலிருந்து அது காப்பாற்றாது என்பதால் அதைப் பட்டறைக்கு அணிந்து செல்லாதீர்கள்.

பிறைவாசி எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கடைக்குச் சென்று அந்த ஜோடியைக் கவிழ்த்துப் பார்த்தேன். வட்டத்தின் நடுவில் 19 என்று இருந்தது. அடியை வளைத்தபோது ஓரத்தில் மயிரிழைபோன்ற வெடிப்புகள் தெரிந்ததால் வாங்கவில்லை. பட்டறையில் கேட்டபோது, அளவு பார்த்துத் தேர்ந்தெடுத்தால் செலவை அவர்களே ஏற்பதாகச் சொன்னார்கள். மேலும் ஒரு கேள்வி. என் அப்பா கிடங்கு ஒன்றில் இதேபோன்ற பூட்ஸ் அணிந்து வேலை செய்கிறார். அவருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளது. புதிய ஜோடியைப் பழக்க அவருக்கும் இதே முறை ஏற்றதா?

தாதி எழுதியது:

நல்ல கேள்வி, தம்பி. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி இந்நாட்டுப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் உள்ளது. ஆகவே, இதைப் படிக்கும் பலருக்கும் இது பொருந்தும். நீண்ட நாள் இனிப்பு நீர் உள்ளவர்களுக்குப் பாதத்தின் நரம்புகள் மரத்துப்போகக்கூடும். உரசல் அவர்களுக்கு வலிக்காமலேயே புண்ணாகிவிடுகிறது. எனவே, "வலித்தால் கழற்றலாம்" என்ற கணக்கு அவரிடம் செல்லாது.

அளவையும் அவருடைய உணர்வை நம்பிப் பார்க்காதீர்கள். அவரை ஒரு தாளின்மேல் நிற்கவைத்து, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடிட்டு வெட்டி எடுத்து, பூட்ஸின் உள்தட்டைக் கழற்றி அதன்மேல் வைத்துப் பாருங்கள். தாள் எந்தப் பக்கத்திலும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்த பூட்ஸ் அவருக்கு வேண்டாம். அணியும் முன் ஒவ்வொரு முறையும் உள்ளே கையை விட்டு, சிறு கல்லோ தடித்த தையலோ இருக்கிறதா என்று தடவச் சொல்லுங்கள். வெள்ளைக் காலுறை அணிந்தால் இரத்தமோ நீரோ கசிவது உடனே தெரியும். புதிய ஜோடியை முதலில் அரை மணி நேரம் மட்டும் அணிந்து, கழற்றி, விரல் இடுக்குகளையும் அடிப்பாதத்தையும் நீங்களோ அம்மாவோ வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பாதம் ஏற்கெனவே மரத்துப்போயிருந்தாலோ, முன்பு புண் வந்திருந்தாலோ, வாங்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கொப்புளம் வந்தால் வீட்டில் உடைக்காமல், மூடிக்கட்டி, அன்றைக்கே அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். அது முழுதாக ஆறும்வரை அந்த பூட்ஸை அவர் மீண்டும் அணியக் கூடாது.