"நேரமாச்சு, அம்மா தேடுவா"

என் அம்மாவுக்கு 81 வயது, மறதிநோய். பொழுது சாய்ந்தால் கைப்பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். "வீட்டுக்குப் போகணும். நேரமாச்சு, அம்மா தேடுவா." நானும் விடாமல் திருத்துவேன். "இதுதாம்மா நம்ம வீடு. பாட்டி போய்ச் சேர்ந்து 30 வருஷம் ஆச்சே." ஒருநாள் அதைக் கேட்டதும் தரையில் உட்கார்ந்து, "எனக்கு ஏன் யாருமே சொல்லல?" என்று கதறிவிட்டார். மறுநாளும் அதே கேள்வி, அதே பதில், அதே கதறல். புதிதாகக் கேட்டது மூளையில் தங்காததால், ஒவ்வொரு முறையும் அவருக்கு அது அன்றைக்கு நடந்த சாவு. அந்த இரண்டு நாட்களை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

அப்புறம்தான் நவோமி ஃபைல் என்ற அமெரிக்க சமூகப் பணியாளரைப் பற்றிப் படித்தேன். முதியோர் இல்லத்திலேயே வளர்ந்தவர். 1963 முதல் 1980 வரை முதியவர்களோடு பழகி, மறதிநோய் உள்ளவர்களோடு பேசுவதற்கான 'வேலிடேஷன்' முறையை உருவாக்கியவர். திருத்தவும் வேண்டாம், பொய் சொல்லிச் சமாளிக்கவும் வேண்டாம், அவர்கள் மனநிலையோடு கூடவே போங்கள் என்கிறார். 'ஏன்' என்று கேட்டால் காரணம் சொல்ல முடியாமல் தவித்துப்போவார்கள். யார், என்ன, எங்கே, எப்படி என்று கேட்கலாம்.

அன்று மாலை மூச்சை நன்றாக இழுத்துவிட்டு, அவர் கண்ணுக்கு நேராகக் குனிந்து, "பாட்டி உன்னை எப்படிம்மா கூப்பிடுவாங்க?" என்றேன். இத்தனை வருடத்தில் நான் கேட்டே இராத ஒரு செல்லப்பெயரைச் சொன்னார்! பிறகு பாட்டி தலைசீவிவிடுவது, தாமதமாக வந்தால் சீப்பாலேயே அடிப்பது எல்லாம் வந்தது. கைப்பை எப்போது கீழே இறங்கியது என்று கவனிக்கவில்லை. எல்லா நாளும் இப்படி அமையாது. சில நாள் தெருவில் ஒரு நடை போய்த் திரும்புவோம்.

-----

மேலே எழுதிய சகோதரிக்கு நன்றி. நான் பராமரிப்புப் பணியில் இருக்கிறேன். ஒரு பெரியவர் என் கையைப் பிடித்து, "என் வாட்சைத் திருடிட்டே" என்றார். நான் எடுக்கவில்லை என்று வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டு, "எப்படி இருக்கும் ஐயா அது?" என்றேன். "எங்கப்பா கொடுத்தது." "அப்பா கொடுத்ததா? தவிப்பாத்தான் இருக்கும்." இருவரும் சேர்ந்து தேடினோம். கிடைக்கவில்லை. ஆனால் அன்று முழுவதும் என் கூடவே இருந்தார்.

-----

என் கணவருக்குப் பேச்சே நின்றுவிட்டது. நாற்காலியின் கைப்பிடியில் விரலால் தட்டிக்கொண்டே இருப்பார். அதே தாளத்தில் அவர் கைமேல் நானும் மெல்லத் தட்டுவேன். அவர் வேகமெடுத்தால் நானும். நேற்று தட்டுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.