புதுப்பிப்பு: தாத்தாவின் வளைந்த கத்தி மலாய் கிரிஸ் அல்ல, மோரோ கலிஸ்

பினாங்கில் தாத்தா வைத்திருந்த அலையலையான கத்தி மலாய் கிரிஸ் என்ற குத்துவாளா, தெற்குப் பிலிப்பைன்ஸ் முஸ்லிம் மக்களான மோரோக்களின் கலிஸ் என்ற வாளா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. விடை கிடைத்துவிட்டது.

கைகொடுத்தது, "அலைகளை எண்ணாதே, பிடிக்குள் போகும் தண்டைப் பார்" என்ற யோசனைதான். அரக்கு காய்ந்து பிடி ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்ததால் கழற்றுவது சுலபமாக இருந்தது. தண்டு சதுரம்! மலாய், ஜாவா கிரிஸ்களில் அது மெல்லிய உருண்டை. குத்துவதற்கு அது போதும். மோரோ கலிஸ் வெட்டவும் பயன்படும், அப்போது பிடி சுழலக் கூடாது. கத்தியின் அலகைப் பிடியோடு இறுக்கும் 'அசாங் அசாங்' பட்டையும், காக்கட்டூ கிளித்தலை போன்ற பிடிமுனையும் அதோடு ஒத்துப்போகின்றன. ஆனால் காக்கட்டூ முனை தெற்குப் பிலிப்பைன்ஸின் சூலு தீவுகளிலும் உண்டு, மிண்டனாவோ தீவிலும் உண்டு. அதை மட்டும் வைத்து ஊரைச் சொல்லிவிடாதீர்கள்.

எதிர்பாராதது ஒன்று: அலகின் அடியில் 'கங்யா' என்ற தனித் துண்டு பொருத்தப்பட்டிருப்பதாகத்தான் நினைத்திருந்தேன். உருப்பெருக்கியில் பார்த்தால் அது இணைப்பே இல்லை, மேலாகக் கீறிய கோடு. பழைய கலிஸ்களில் அது உண்மையிலேயே தனித் துண்டாக இருக்கும்; ஒரே துண்டாகச் செய்வது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டு வேலை. தாத்தா சொன்ன அளவுக்குப் பழையதல்ல, கொஞ்சம் வருத்தம்தான்.

அப்புறம், துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். எண்ணெய் துணி போதும்.