பிள்ளை படிக்காத பள்ளிக்குப் பெ.ஆ.ச. (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) தலைவரா? (மலேசியா, சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் பேசலாம்)

பால்மரத்தான்:
பக்கத்து இழையில் சிப்புட் சிங்கம் எழுதியதைப் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. அவர் எழுதியதை அப்படியே போடுகிறேன்: “பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவருக்குப் பள்ளியில் பிள்ளை இருந்தே ஆக வேண்டும் என்பதெல்லாம் சும்மா பேச்சு. சேவை செய்யும் மனசு இருந்தால் போதும்.”

சும்மா பேச்சு இல்லை ஐயா, சட்டம். 1998ஆம் ஆண்டில் வந்த பெற்றோர் ஆசிரியர் சங்க விதிமுறைகள் இருக்கின்றன. அந்தப் பள்ளியில் படிக்கும் மாணவரின் பெற்றோர் அல்லது பாதுகாவலர், அப்புறம் அந்தப் பள்ளி ஆசிரியர்கள். இவர்கள்தான் உறுப்பினர்கள். நம் தலைவரின் கடைக்குட்டி ஆறாம் ஆண்டை முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்டான். உறுப்பினராகவே இல்லாதவர் எப்படித் தலைவராக உட்காருவார்?

போன ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நான் கண்ணால் பார்த்தேன். சிற்றுண்டிச்சாலை வாசலில் மேசை போட்டு வருகைப் பதிவேடு வைத்திருந்தார்கள். பெயர், அடையாள அட்டை எண், பிள்ளையின் பெயர், வகுப்பு, கையொப்பம். எல்லாரும் எழுதிவிட்டுத்தான் உள்ளே போனோம். முதல் வரியில் தலைவர் பெயர். பிள்ளையின் பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் ஒரு கோடு. வெறும் கோடு!

சிப்புட் சிங்கம்:
கோடெல்லாம் ஒன்றும் இல்லை. அக்கா பேரன் பெயரை எழுதியிருந்தார். பையன் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அப்பா சிங்கப்பூரில் வேலை, அம்மா அங்கேயும் இங்கேயும். பையன் சாப்பிடுவது, தூங்குவது, பள்ளிக்குப் போவது எல்லாம் தலைவர் வீட்டிலிருந்துதான். நீங்களே எழுதியிருக்கிறீர்களே, ‘பாதுகாவலர்’ என்று. அடுத்த தடவை கூட்டத்துக்கு வரும்போது கண்ணாடி போட்டுக்கொண்டு வாருங்கள் அண்ணே.

பால்மரத்தான்:
என் கண் நன்றாகத்தான் இருக்கிறது. கோடு போட்டிருந்தது. பேரன் கதை அதற்கப்புறம் முளைத்தது. நான் எழுந்து கேள்வி கேட்ட பிறகுதான் “எனக்கும் ஒரு பிள்ளை இங்கே படிக்கிறான்” என்றார். அதுவரைக்கும் அந்தப் பையன் யார் பிள்ளை என்று யாருக்கும் தெரியாது.

மூன்றாமாண்டு அம்மா:
அண்ணன்மார்களே, கோடோ பேரனோ, முதலில் கழிவறைக் கதவைப் பற்றிப் பேசுங்கள். பெண் பிள்ளைகள் கழிவறையில் இரண்டாவது கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ராஃபியா கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள். என் மகள் உள்ளே போனால் கூட்டாளி வெளியே நின்று கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பிள்ளைக்கு அவசரம் வந்தால் இவள் பிடிக்க வேண்டும். போன ஆண்டு சங்கத்துக்கு 30 வெள்ளி (ரிங்கிட்) கட்டினேன். ஒரு தாழ்ப்பாள் என்ன விலை?

சிப்புட் சிங்கம்:
கட்டடப் பழுது மாவட்டக் கல்வி இலாகா வேலை தங்கச்சி. சங்கம் கடிதம் போட்டாகிவிட்டது.

மூன்றாமாண்டு அம்மா:
தாழ்ப்பாளுக்குமா கடிதம்? பொதுக்கூட்டத்துக்கு வந்த பிரமுகருக்குப் பொன்னாடை, மாலை, பழத்தட்டு எல்லாம் வாங்கினீர்களே, அதற்கு எந்த இலாகாவுக்குக் கடிதம் போட்டீர்கள்?

ஓய்வுபெற்ற ஆசிரியை:
வணக்கம். எல்லாரும் மூன்று அமைப்புகளைப் போட்டுக் குழப்புகிறீர்கள், அதனால் சொல்கிறேன். பெற்றோர் ஆசிரியர் சங்கம் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்கீழ் வருவது. கோயில் சங்கம், இளைஞர் மன்றம் போல் சங்கப் பதிவிலாகாவில் பதிவாவது இல்லை. தலைமையாசிரியர் அதற்கு ஆலோசகர். பள்ளி நிர்வாகத்திலும் ஆசிரியர் வேலையிலும் சங்கம் தலையிட முடியாது. பிள்ளைகள் நலன், பள்ளிக்கு வேண்டிய உதவி, வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே தொடர்பு, இதுதான் அதன் வேலை.

பள்ளி மேலாளர் வாரியம் வேறு. நம்முடையது போல் அரசாங்க உதவி பெறும் பள்ளிகளில் நிலம், கட்டடம் என்று வந்தால் வாரியத்துக்குத்தான் பேச்சு. தோட்ட நிலத்தில் நிற்கும் பள்ளிகளுக்கு அது எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கே தெரியும். முன்னாள் மாணவர் சங்கம் மூன்றாவது. பிள்ளை படித்து முடித்தவர்களும் பள்ளிக்கு உழைக்க வாரியத்திலும் முன்னாள் மாணவர் சங்கத்திலும் இடம் இருக்கிறது. நம் தலைவர் அங்கே போகலாமே? இதற்கு ஏன் இவ்வளவு சண்டை?

பால்மரத்தான்:
டீச்சர், உங்கள்மேல் மரியாதை இருக்கிறது, என் தம்பிக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவர் நீங்கள். ஆனால் நான் கேட்டது ஒன்றே ஒன்று. கட்டத்தில் கோடு இருந்ததா, பெயர் இருந்ததா?

சிப்புட் சிங்கம்:
பெயர் இருந்தது.

பால்மரத்தான்:
கோடு இருந்தது.

கூலிம்காரன்:
எங்கள் பக்கமும் இதே கூத்துதான். பிள்ளைகள் வளர்ந்து கல்யாணம் முடிந்த பிறகும் நாற்காலியை விடமாட்டேன் என்கிறார்கள். கேட்டால் “இளைய பெற்றோர் யாரும் முன்வருவதில்லை” என்பார்கள். அதிலும் உண்மை இருக்கிறது. விடுமுறை நாள் காலையில் பொதுக்கூட்டம் வைத்தால் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்கிற அப்பா எப்படி வருவார்? வருவது முப்பது பேர், அதில் பாதி ஆசிரியர்கள். யாராவது ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், ஐந்து நிமிடத்தில் பழைய செயலவையே புதிய செயலவை.

சிப்புட் சிங்கம்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். நிற்க ஆள் இல்லை! விமர்சிக்க மட்டும் ஆள் இருக்கிறது. பால்மரத்தான் அண்ணனைச் செயலவைக்கு வாருங்கள் என்று கூப்பிட்டோம், வேலை இருக்கிறது என்றார். கோத்தோங் ரோயோங்குக்கு, எல்லாரும் கூடிச் செய்யும் துப்புரவுப் பணிக்கு வந்தாரா? தலைவர்தான் சொந்த லோரியில் மண் ஏற்றி வந்து திடலை நிரப்பினார்.

பால்மரத்தான்:
லோரி இருப்பவர்தான் தலைவர் என்று எந்த விதிமுறையில் இருக்கிறது?

இந்தப் பள்ளி யார் லோரியிலும் வந்ததில்லை தம்பி. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வந்தபோது, பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்று ஆனது. துரைமார் கொட்டகை போட்டுக் கொடுத்தார்கள், பல இடங்களில் கிராணிதான் (தோட்டத்துக் கணக்கர்) வாத்தியார். என் தாத்தா காலையில் ரப்பர்ப் பால் வெட்டிவிட்டு மாலையில் அந்தக் கொட்டகைக்கு அத்தாப்பு (ஓலைக் கூரை) மாற்றினார். தலைவர் என்று அவர் எந்தப் பலகையிலும் பெயர் போட்டுக்கொள்ளவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) காலியாகிப் பட்டணத்துத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) குடி போனோம். அப்போதும் பள்ளியை விடவில்லை. இன்று 150 பிள்ளைகளுக்குக் குறைவான பள்ளி என்ற பட்டியலில் நிற்கிறது. ஒவ்வொரு பிள்ளையும் கணக்கு. இந்த நேரத்தில் சங்கத்தில் இருப்பவர் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிற ஆளாக இருக்க வேண்டாமா? கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்றால் அவர் வீட்டுப் பிள்ளையும் கயிற்றைப் பிடித்தால்தானே அவருக்கு உறைக்கும்?

சிப்புட் சிங்கம்:
ஒவ்வொரு பிள்ளையும் கணக்கா? நல்லது. உங்கள் மூத்த மகன் எந்தப் பள்ளியில் படித்தான் அண்ணே? ‘தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு’ என்று காரில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு, அவனைச் சீனப்பள்ளி வாசலில் இறக்கிவிட்டதை ஊரே பார்த்தது.

பால்மரத்தான்:
வந்துவிட்டீர்களா என் வீட்டுக்குள்? மூத்தவன் படித்தபோது நாங்கள் ஈப்போவில் இருந்தோம், வீட்டுக்குப் பக்கத்தில் தமிழ்ப்பள்ளி இல்லை. இங்கே வந்த பிறகு மகளும் சின்னவனும் நம் பள்ளியில்தான். வருகைப் பதிவேட்டில் என் கட்டத்தில் இரண்டு பெயர் இருக்கும், வகுப்போடு. போய்ப் பாருங்கள். கோடு இருக்காது.

கூலிம்காரன்:
ஈப்போவில் தமிழ்ப்பள்ளி இல்லையா? ஈப்போவிலா?

பால்மரத்தான்:
வீட்டுக்குப் பக்கத்தில் என்றுதான் எழுதியிருக்கிறேன். கூலிமில் எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லித் தரவில்லையா?

கூலிம்காரன்:
நான் உங்கள் பக்கம்தான் பேசினேன். இனிமேல் பேசமாட்டேன்.

மூன்றாமாண்டு அம்மா:
அந்த 30 வெள்ளிக்கு ஒரு பதில் வேண்டும். வகுப்பாசிரியர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் “இன்னும் செலுத்தாதவர்கள்” என்று பெயர்ப் பட்டியல் போட்டாரே, அது எந்த நியாயம்? சங்கப் பணம் நன்கொடைதான், கட்டாயம் கிடையாது என்று அமைச்சே எத்தனையோ முறை சொல்லிவிட்டது. கட்டவில்லை என்பதற்காகப் பிள்ளையின் பாடநூலையோ வகுப்பையோ யாரும் தடுக்க முடியாது. எங்கள் வரிசையில் ஓர் அம்மா, வீட்டுக்காரர் இல்லாமல் மூன்று பிள்ளைகளை வைத்திருப்பவர், பட்டியலில் பெயரைப் பார்த்துவிட்டுக் குழுவை விட்டே விலகிவிட்டார். இப்போது பள்ளி அறிவிப்பு எதுவும் அவருக்குப் போய்ச் சேருவதில்லை. நான்தான் போன் போட்டுச் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை:
அந்தப் பட்டியல் தப்பு. இதை எழுத்தில் தலைமையாசிரியரிடம் கொடுங்கள் அம்மா, அவர்தான் ஆலோசகர். வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும்.

சிப்புட் சிங்கம்:
பட்டியல் போட்டது ஆசிரியர், சங்கம் இல்லை. அதற்கும் தலைவரையா திட்டுவீர்கள்? பணம் வராமல் பரிசளிப்பு விழா எப்படி நடக்கும், போட்டி விளையாட்டுக்குப் பேருந்து எப்படி எடுப்பது? கூப்பன் விற்றால் வாங்க மாட்டீர்கள், நன்கொடை கேட்டால் கணக்குக் கேட்பீர்கள்.

மூன்றாமாண்டு அம்மா:
ஆமாம், கேட்போம். கேட்பதற்குத்தானே பொதுக்கூட்டம்? கணக்கறிக்கையை அன்றைக்குக் காலையில் கையில் கொடுத்துவிட்டு, பத்து நிமிடத்தில் “ஏற்றுக்கொள்கிறோம்” என்று கையைத் தூக்கச் சொல்கிறீர்கள். அதில் “இதர செலவுகள்” என்று ஒரு வரி. அந்த வரிதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தொகை.

பால்மரத்தான்:
தங்கச்சி சொன்னது சரி, ஆனால் விஷயத்தை விட்டு நகர வேண்டாம். தலைவர் யார் என்பது சரியில்லை என்றால் கணக்கு எப்படிச் சரியாக இருக்கும்? உறுப்பினர் இல்லாதவர் போடும் கையெழுத்து செல்லுமா? நாளைக்கே யாராவது மாநிலக் கல்வி இலாகாவுக்குப் புகார் போட்டால் சங்கமே முடங்கிவிடும். அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். அந்தக் கட்டத்தில் என்ன இருந்தது?

சிப்புட் சிங்கம்:
உங்களுக்குச் சங்கத்தின்மேல் அக்கறை இல்லை அண்ணே. மாரியம்மன் கோயில் தேர்தலில் தலைவரிடம் தோற்ற கடுப்பு. அன்றிலிருந்து அவர் எங்கே உட்கார்ந்தாலும் நீங்கள் கோடுதான் பார்க்கிறீர்கள்.

பால்மரத்தான்:
கோயில் தேர்தலில் வெளியூர் ஆட்களை வேனில் கொண்டுவந்து கை தூக்க வைத்தவர் யார் என்று நான் இங்கே எழுதட்டுமா? அந்த வேனை ஓட்டியது தலைவரின் மச்சான். அந்த மச்சான் இந்த இழையில்தான் இருக்கிறார் என்று நினைக்கிறேன்.

சிப்புட் சிங்கம்:
நான் யார் மச்சானாகவும் இருந்துவிட்டுப் போகிறேன். பதிவேட்டைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்க்கலாம்.

பால்மரத்தான்:
பதிவேடு சங்கச் செயலாளரிடம் இருக்கிறது. அவர் அந்தப் பள்ளி ஆசிரியர். அவரிடம் கேட்டேன், “தலைவரைக் கேளுங்கள்” என்றார். தலைவரைக் கேட்டால் “செயலாளரிடம் இருக்கிறது” என்கிறார். கோடு இல்லை என்றால் காட்ட என்ன பயம்?

ஓய்வுபெற்ற ஆசிரியை:
தலைமையாசிரியரிடம் எழுதிக் கேளுங்கள் என்று இப்போதுதானே சொன்னேன்?

பால்மரத்தான்:
எழுதத்தான் போகிறேன் டீச்சர். வரும் பொதுக்கூட்டத்துக்கு முன்பே தீர்மானமாகவும் கொடுப்பேன். செயலவைக்கு நிற்கும் ஒவ்வொருவரும் பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் சபையில் சொல்லிவிட்டு நிற்க வேண்டும். வழிமொழிய யார் வருகிறீர்கள்?

கூலிம்காரன்:
எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த யாரையாவது கேளுங்கள்.

மூன்றாமாண்டு அம்மா:
நான் வழிமொழிகிறேன். ஆனால் தாழ்ப்பாளும் அதே தீர்மானத்தில் இருக்க வேண்டும்.

பால்மரத்தான்:
தாழ்ப்பாள் தனித் தீர்மானம் தங்கச்சி. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் அவர்கள் தாழ்ப்பாளை மட்டும் ஏற்றுக்கொண்டு தப்பித்துவிடுவார்கள்.

மூன்றாமாண்டு அம்மா:
தப்பிக்கட்டுமே? கதவுக்குத் தாழ்ப்பாள் வருமே அண்ணே!

சிப்புட் சிங்கம்:
பாருங்கள், இவருக்குக் கதவு முக்கியம் இல்லை. போன தீபாவளி உபசரிப்பில் பள்ளி மண்டபத்துக்கு நாற்காலி வாங்கிக் கொடுத்ததும் தலைவர்தான். அதையும் இல்லை என்பாரா?

பால்மரத்தான்:
நாற்காலி வாங்கிக் கொடுத்தது கோயில். நான் அப்போது பொருளாளர், ரசீது என் வீட்டில் இருக்கிறது. நாற்காலி முதுகில் தலைவர் பெயரை எழுதியது யார் என்று அவரையே கேளுங்கள்.