கிளினிக்கில் உங்களுக்கு என்ன நடந்தது? டெக்சாஸ், அக்கம்பக்க மாநிலத் தமிழ்ப் பெண்கள் சொல்லுங்கள்

ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்

எழுதலாமா வேண்டாமா என்று ஒரு மாதம் யோசித்தேன். போன வருடம் நவராத்திரி சமயத்தில், ஒன்பதாவது வாரத்தில் எனக்குக் கரு வளராமல் நின்றுவிட்டது. வலி, ரத்தப்போக்கு எதுவும் இல்லை. ஸ்கேனில் துடிப்பு இல்லை, அவ்வளவுதான். திருச்சியில் என் அக்காவுக்கு இதே நடந்தபோது இன்னொரு டாக்டரும் பார்த்துச் சொன்னதும் அன்று மாலையே மாத்திரை கொடுத்துவிட்டார்கள். இங்கே, கருக்கலைப்புக்குத் தடை இருக்கிற டெக்சாஸில், ஒரு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்த பிறகுதான் மேற்கொண்டு எதுவும் செய்ய முடியும் என்றார் டாக்டர். மருத்துவக் காரணத்துக்காகவா என்று கேட்டேன். "பாதி" என்றார். மீதிப் பாதி என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த ஏழு நாளும் கொலு வைத்த வீடுகளுக்குப் போய் வெற்றிலை பாக்கும் சுண்டலும் வாங்கி வந்தேன். போகாவிட்டால் ஏன் வரவில்லை என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமே. ஒரு மாமி, "அடுத்த கொலுவுக்குள் நல்ல சேதி சொல்லணும்" என்று தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தார்.

இரண்டாவது ஸ்கேனும் அதையே சொன்னது. கருவை வெளியேற்றும் மாத்திரையான மிசோப்ரோஸ்டால் எழுதிக் கொடுத்தார்கள். மருந்துக்கடையில் கவுன்டரில் இருந்த பையன் உள்ளே போய்விட்டு வந்து, "டாக்டரிடம் பேசாமல் தர முடியாது" என்றான். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி. கிளினிக் பூட்டியாயிற்று. திங்கட்கிழமைதான் மாத்திரை கைக்கு வந்தது. கடையின் பெயர் வேண்டாம். டெக்சாஸ் சட்டத்திலேயே, இறந்துபோன கருவை அகற்றுவது கருக்கலைப்பு ஆகாது என்று எழுதியிருக்கிறது. அதைப் பிறகுதான் படித்தேன். ஆனால் இரண்டுக்கும் மாத்திரை ஒன்று; கவுன்டரில் நிற்கிறவளைப் பார்த்து எதற்கு வாங்குகிறாள் என்று கண்டுபிடிக்க முடியாது.

நான் கேட்க வந்தது வேறு. பாப் ஸ்மியர் (கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனை), காப்பர் டி என்று எல்லாவற்றுக்கும் போய்க்கொண்டிருந்த சின்ன கிளினிக் இப்போது இல்லை. வேறு இடத்தில் புதிய நோயாளி என்றால் நான்கு மாதம் காத்திருக்கச் சொல்கிறார்கள். உங்கள் பக்கம் எப்படி?


மெக்காலன், டெக்சாஸ்

தங்கச்சி, உன் கடைசிப் பத்தியைப் படித்ததும் சிரிப்புத்தான் வந்தது, கோபித்துக்கொள்ளாதே. எங்கள் பக்கம் அந்தக் கதை 2011லேயே நடந்து முடிந்துவிட்டது. எல்லோரும் 2022 ஜூன் 24ஆம் தேதி உச்ச நீதிமன்றம், கருக்கலைப்பை நாடு முழுக்க உரிமையாக்கியிருந்த ரோ தீர்ப்பை ரத்து செய்ததிலிருந்துதான் கணக்குப் பார்க்கிறார்கள். மெக்ஸிகோ எல்லை ஓரமாக, ரியோ கிராண்ட் பள்ளத்தாக்கில் இருக்கிற எங்களுக்கு அது மூன்றாவதோ நான்காவதோ அடி.

நான் 2009லிருந்து இங்கே ஒரு குடும்பநலக் கிளினிக்கில் முன்மேசையில் வேலை பார்த்தேன். ஸ்பானிஷ் அங்கேதான் கற்றுக்கொண்டேன். எங்கள் கிளினிக்கில் ஒரு நாளும் கருக்கலைப்பு நடந்ததில்லை. செய்யவும் கூடாது, ஏனென்றால் அரசுப் பணம் வாங்கினோம். வந்தவர்களில் பாதிப் பேர் தோட்ட வேலைக்காரப் பெண்கள். கருத்தடை மாத்திரை, மார்பில் கட்டி, வெள்ளைப்படுதல், சர்க்கரை என்று வருவார்கள். 2011இல் மாநிலச் சட்டமன்றம் குடும்பக் கட்டுப்பாட்டுக்கான இரண்டு வருட நிதியைச் சுமார் 11 கோடி டாலரிலிருந்து 4 கோடிக்கும் கீழே கொண்டுவந்தது. கருக்கலைப்பு செய்கிறவர்களோடு தொடர்புள்ள எவருக்கும் ஒரு காசு போகக் கூடாது என்பது நோக்கம். விளைவு? டெக்சாஸ் முழுக்க 80க்கும் மேற்பட்ட குடும்பநலக் கிளினிக்குகள் மூடப்பட்டன, அல்லது அந்தச் சேவையை நிறுத்திக்கொண்டன. எங்களுடையது முதலில் வாரம் மூன்று நாள் ஆனது. அப்புறம் ஒரு நாள் ஆனது. அப்புறம் கதவில் ஒரு தாள் ஒட்டினோம். தாளைப் பிறகும் பல வாரம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், எனக்கு வீட்டிலிருந்தே அந்த வாசல் தெரியும்.

இரண்டாவது அடி 2013. கருக்கலைப்புக்கு மேலும் கெடுபிடி போடும் ஒரு மசோதாவை, மாநிலச் செனட் உறுப்பினர் வெண்டி டேவிஸ் இளஞ்சிவப்பு ஷூ போட்டுக்கொண்டு உட்காராமல் மணிக்கணக்கில் பேசித் தடுத்துப் பார்த்தார். அடுத்த மாதமே சட்டம் நிறைவேறிவிட்டது. கருக்கலைப்பு செய்யும் டாக்டருக்கு 30 மைலுக்குள் ஒரு மருத்துவமனையில் நோயாளியைச் சேர்க்கும் உரிமை இருக்க வேண்டுமாம். பல மருத்துவமனைகள் அந்த உரிமையைக் கொடுக்க, வருடத்துக்கு இத்தனை நோயாளிகளையாவது சேர்க்க வேண்டும் என்று கணக்குக் கேட்கும். இந்தச் சிகிச்சையில் மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை வருவதே அபூர்வம். பாதுகாப்பாகச் செய்ததாலேயே தகுதி இல்லாமல் போயிற்று! மாத்திரை மட்டும் கொடுக்கிற இடத்திலும் ஆபரேஷன் தியேட்டர் தரத்தில் கட்டடம் வேண்டும் என்று இன்னொரு விதி. மாநிலத்தில் நாற்பதுக்கு மேல் இருந்த கருக்கலைப்பு இடங்கள் இருபதுக்கும் கீழே வந்தன.

பள்ளத்தாக்கு முழுமைக்கும் ஒன்றே ஒன்று மிஞ்சியது, மெக்காலனில். அதுவும் கொஞ்ச காலம் மூடிக் கிடந்தது. அடுத்தது சான் அன்டோனியோ, சுமார் 240 மைல். தூரம்கூடப் பரவாயில்லை. வடக்கே போகிற 281ஆம் நெடுஞ்சாலையில் ஃபல்ஃபூரியஸ் என்ற ஊர்ப் பக்கம் எல்லைக் காவல் சோதனைச் சாவடி இருக்கிறது. கையில் குடியேற்றக் காகிதம் இல்லாத பெண் அதைத் தாண்ட முடியாது. அதனால் பாலத்தைத் தாண்டி மெக்ஸிகோ மருந்துக்கடைக்குப் போகிறவர்களிடம் சொல்லிவிடுவார்கள். மாத்திரை வரும், எத்தனை, எப்படிப் போடுவது என்ற சீட்டு வராது. சர்ச் வாசலில் என்னைப் பிடித்துக் காதோடு கேட்டவர்கள் உண்டு. நான் நர்ஸ்கூட இல்லை.

2016 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம் அந்த இரண்டு விதிகளையும் 5க்கு 3 என்ற கணக்கில் அடித்துத் தள்ளியது. சந்தோஷம்தான். ஆனால் மூடிய கிளினிக்கில் பெரும்பாலானவை திறக்கவே இல்லை. குத்தகை போயிருக்கும், நர்ஸ் வேறு வேலைக்குப் போயிருப்பாள், ஸ்கேன் மெஷினை விற்றிருப்பார்கள். தீர்ப்பு வந்தால் விதி போய்விடும், மெஷின் திரும்பி வருமா?


அல்பரெட்டா, ஜார்ஜியா

அக்கா சொன்னதோடு ஒன்று. எங்கள் ஜார்ஜியாவில் "ஆறு வாரம் வரை அனுமதி இருக்கிறதே" என்று நம் ஆண்கள் சிலர் வாதாடுகிறார்கள். வாரக் கணக்கு கடைசியாக வீட்டுக்கு விலக்கான முதல் நாளிலிருந்து தொடங்குகிறது ஐயா. ஆறு வாரம் என்றால் நாள் தள்ளிப்போய்ப் பதினான்கு நாள். எனக்கு பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி), நாற்பது நாளுக்கு ஒரு முறை வந்தாலே அதிசயம். எங்களுக்கு அது தடை இல்லாத மாதிரி காட்டுகிற தடை.


ஹூஸ்டன், டெக்சாஸ்

நான் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். கருக்கலைப்பு தவறு என்று இன்றும் நம்புகிறேன், திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளுங்கள். ஆனாலும் சொல்கிறேன். எனக்கு முடக்குவாதம். பத்து வருடமாக மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறேன். 2022 கோடையில் மருந்துக்கடையில், வரிசையில் பின்னால் ஆட்கள் நிற்க, "இது எதற்கு? கர்ப்பமா?" என்று கேட்டார்கள். கருக்குழாயில் கரு தங்கினால் கொடுப்பதும் அதே மருந்தாம். எனக்கு வயது 44. விரல்களை விரித்துக் காட்டினேன், வீக்கத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று. மூன்று நாள் கழித்துக் கொடுத்தார்கள்.

இதைத்தான் சட்டம் கேட்டதா என்று எங்கள் சபையில் கேட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுப்பதில்லை, அவர்களும் நானும்.


பிளேனோ, டெக்சாஸ் (கணவர் எழுதுகிறேன்)

பெண்கள் பேசும் இடம், மன்னிக்கவும். மனைவியால் எழுத முடியவில்லை, நீங்கள் எழுதுங்கள் என்றாள்.

இருபதாவது வார ஸ்கேன். அதுவரை கலகலவென்று பேசிக்கொண்டிருந்த டெக்னீஷியன் திடீரென்று மௌனமானார். மண்டை ஓடு மூடவில்லை, மூளை உருவாகவில்லை. பிறந்தால் சில மணி நேரம், அதிகம் போனால் சில நாள். டாக்டர் இதையெல்லாம் நிதானமாக விளக்கினார், படம் வரைந்து காட்டினார். அடுத்து என்ன செய்யலாம் என்றதும் பேனாவை மூடி வைத்துவிட்டார். "இந்த மாநிலத்தில் நான் இதற்கு மேல் சொல்ல முடியாது" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆயுள் தண்டனை வரை போகலாம், குறைந்தது ஒரு லட்சம் டாலர் அபராதம், லைசென்ஸும் போகும். தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் விலக்கு உண்டு. பிழைக்காத குழந்தைக்கு விலக்கு இல்லை. 2023 டிசம்பரில் கேட் காக்ஸ் என்ற டல்லாஸ் பகுதிப் பெண் இப்படியொரு நிலையில் நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தார். மாநில உச்ச நீதிமன்றம் மறுத்தது. அதற்குள் அவர் வெளி மாநிலத்துக்குப் போய்விட்டிருந்தார்.

மதுரையிலிருந்து அத்தை, "பேசாமல் இங்கே கூட்டி வந்துவிடுங்கள் மாப்பிள்ளை" என்றார். கருக்கலைப்பை அனுமதிக்கும் இந்தியச் சட்டம் 1971லிருந்தே இருக்கிறது. 2021 திருத்தத்தின்படி இப்படிப்பட்ட குறை என்றால் மருத்துவ வாரியம் பார்த்து 24 வாரத்துக்குப் பிறகும் அனுமதிக்கலாம். ஆனால் இந்தியா போனால் விசா ஸ்டாம்பிங் இல்லாமல் திரும்ப முடியாது, ஸ்டாம்பிங்குக்குத் தேதி கிடைக்கவில்லை. குழந்தை போகிற துக்கத்தின் நடுவில் தூதரக இணையதளத்தில் தேதி தேடிக்கொண்டிருந்தேன். எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

கருக்கலைப்பு சட்டப்படி நடக்கும் நியூ மெக்ஸிகோவில் உள்ள ஆல்புகர்க்கி போனோம். காரில் போகலாம் என்றால் ஒரு வழி லப்பக் கவுன்டி வழியாகப் போகிறது. கருக்கலைப்புக்காக அந்தச் சாலையில் அழைத்துப் போகிறவர்மேல் யார் வேண்டுமானாலும் வழக்குப் போடலாம் என்று 2023இல் அங்கே ஓர் ஆணை போட்டிருக்கிறார்கள். வெளி மாநிலம் போவது அவளுக்குக் குற்றமே இல்லை என்று தெரியும். தெரிந்தும் விமானத்தில்தான் போனோம். விமான நிலையத்தில் கொண்டுவிடக்கூட நண்பனைக் கூப்பிடவில்லை, அவனும் எச்1பி.

அந்தக் கிளினிக்கில் காத்திருந்த இடத்தில் எங்களைத் தவிர ஐந்து ஜோடிகள் இருந்தார்கள். நான்கு பேர் டெக்சாஸ்.


லாஸ் குரூஸஸ், நியூ மெக்ஸிகோ

அண்ணா, அந்த நான்கு பேர் மாதிரி ஆட்களை நான் வாராவாரம் பார்க்கிறேன். இங்கே படிக்க வந்தவள். வார இறுதியில் எல் பாசோ விமான நிலையத்திலிருந்து பெண்களை அழைத்து வரும் தன்னார்வ வேலை செய்கிறேன், முக்கால் மணி நேர ஓட்டம். ரோ ரத்தாவதற்குக் காரணமான வழக்கில் ஒரு தரப்பு மிசிசிப்பியின் ஜாக்ஸன் நகரக் கிளினிக். சுவரெல்லாம் இளஞ்சிவப்பு வண்ணம், அதனால் பிங்க் ஹவுஸ் என்று பெயர். 2022 ஜூலையில் அங்கே மூடிவிட்டு இங்கே வந்துதான் திறந்தார்கள். உள்ளூர்க்காரர்களுக்குச் சின்னப் புகார் ஒன்று உண்டு: வெளியூர்க் கூட்டத்தில் எங்களுக்குத் தேதி கிடைப்பதில்லை என்று. அதுவும் நியாயம்தான்.

காரில் யாரும் பேசமாட்டார்கள். ஒரே ஒரு பெண் மட்டும் வழி முழுக்கத் தன் இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். மூன்று மணிக்குள் திரும்ப விமானம் ஏறாவிட்டால் அவர்களை அழைத்து வர ஆள் இல்லை.


பேட்டன் ரூஜ், லூசியானா

பிரசவ வார்டில் நர்ஸ். மிசோப்ரோஸ்டால் என்றதும் எல்லோரும் கருக்கலைப்பை நினைக்கிறீர்கள். பிள்ளை பெற்ற உடனே உதிரம் நிற்காமல் கொட்டினால் நாங்கள் கை வைக்கிற மருந்துகளில் அது ஒன்று. முன்பு வார்டில் இருக்கும் அவசர மருந்துத் தள்ளுவண்டியிலேயே இருக்கும். 2024 அக்டோபர் 1 முதல் எங்கள் மாநிலத்தில் அதைத் தூக்க மாத்திரைகளைப் போலக் கட்டுப்பாட்டு மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். வண்டியிலிருந்து எடுத்துப் பூட்டிய அலமாரிக்கு மாற்றினோம். கடவுச்சொல் தட்டி, கைரேகை வைத்து, எடுத்துக்கொண்டு ஓடி வர எத்தனை நொடி என்று ஸ்டாப்வாட்ச் வைத்து ஒத்திகை பார்த்தோம். நைட் ஷிப்டில், ஆள் குறைவாக இருக்கும்போது, அந்த எண் எனக்குப் பிடிக்கவில்லை.

சவிதா ஹலப்பனவாரை இங்கே யாராவது நினைவு வைத்திருக்கிறீர்களா? பெலகாவியிலிருந்து அயர்லாந்து போன பல் டாக்டர், வயது 31. 2012 அக்டோபரில் கால்வேயில் 17ஆவது வாரத்தில் கரு கலையத் தொடங்கியது. துடிப்பு இருக்கும் வரை எதுவும் செய்ய முடியாது என்றார்கள். ரத்தத்தில் விஷம் ஏறி இறந்துபோனார். 2018இல் அந்த நாட்டு மக்கள் வாக்களித்துச் சட்டத்தை மாற்றினார்கள். பனிக்குடம் முன்னதாகவே உடைந்து யாராவது வரும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண் முகம்தான். காய்ச்சல் ஏறுகிறதா என்று அரை மணிக்கு ஒருமுறை பார்ப்பேன். முன்பெல்லாம் காய்ச்சல் ஏறக் கூடாது என்று பார்ப்போம். இப்போது ஏறினால்தானே டாக்டர் கை வைக்க முடியும் என்றும் ஒரு நினைப்பு வருகிறது, அது வரும்போது என்மேலேயே எனக்கு அருவருப்பு.


ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். பிளேனோ அண்ணா, அண்ணியிடம் என் அன்பைச் சொல்லுங்கள். பக்கத்தில்தான் இருக்கிறேன், சாப்பாடு கொண்டுவந்து தரட்டுமா? பேச வேண்டாம், வாசலில் வைத்துவிட்டுப் போகிறேன்.

தனிச் செய்தியில் கேட்ட மூன்று பேருக்கு: மருந்துச் சீட்டில் மருந்தின் பெயரோடு நோயின் பெயரையும் குறியீட்டையும் எழுதித் தரச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை மாலையில் போகாதீர்கள். முடிந்தால் மருத்துவமனைக்கு உள்ளேயே இருக்கும் மருந்தகத்தில் வாங்குங்கள். பாப் ஸ்மியருக்கு டென்டனில் ஒரு இடத்தில் பிப்ரவரி 11 கிடைத்திருக்கிறது. மெக்காலன் அக்கா, உங்கள் பக்கம் இப்போது எங்கே போகிறீர்கள்?


மெக்காலன், டெக்சாஸ்

மாதம் ஒரு தடவை ஒரு வேன் வருகிறது. முதல் இருபது பேருக்கு.