டிராஃப்ட் இரவில் எழுதி வைத்ததும் களத்தில் பார்த்ததும்: குவார்ட்டர்பேக் கணிப்புகள், அனுபவப் பகிர்வு

முதல் பதிவு: கிளீவ்லேண்டிலிருந்து

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறைப் போட்டியான என்எஃப்எல்லில், அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சிக்கு டிராஃப்ட் என்று பெயர். அதற்கு முந்தைய நாள் இரவு, முதல் சுற்றில் தேர்வாகக்கூடிய இளம் குவார்ட்டர்பேக்குகள் (அணியின் தாக்குதலை நடத்திப் பந்தை வீசுபவர்கள்) ஒவ்வொருவரைப் பற்றியும் இரண்டு வரி எழுதி, தேதியிட்டு, கையெழுத்தும் போட்டு வைப்பது 2012 முதல் என் வழக்கம். "அப்போதே சொன்னேன் என்று ஆளாளுக்குச் சொல்கிறீர்களே, சொன்னதற்கு அத்தாட்சி எங்கே?" என்று நண்பர் ஒருவர் கேட்டதிலிருந்து தொடங்கியது இது. சென்ற மாதம் வீடு மாறியபோது அந்தக் குறிப்பேடு கையில் சிக்கியது. அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். படித்து முடித்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். மற்றவர்களும் தங்கள் கணிப்புகளை ஒளிக்காமல் எழுதினால் எனக்குத் துணையாக இருக்கும்.

இந்த ஆட்டத்தைப் பின்தொடராதவர்களுக்கு ஒரு வார்த்தை. முந்தைய பருவத்தில் அதிகம் தோற்ற அணி முதலில் தேர்ந்தெடுக்கும். 32 அணிகள், ஏழு சுற்றுகள். கல்லூரி ஆட்டத்திலிருந்து வருபவர்களில் குவார்ட்டர்பேக்கின் மதிப்பே தனி. 2011ஆம் ஆண்டின் ஊதிய ஒப்பந்தத்துக்குப் பிறகு புதியவர்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு வந்துவிட்டதால், நல்ல குவார்ட்டர்பேக் ஒருவர் டிராஃப்டில் கிடைத்தால் நான்கு ஆண்டுகளுக்குக் குறைந்த செலவில் அவரை ஆடவைத்து, மிச்சப் பணத்தில் அவரைச் சுற்றி நல்ல அணியைக் கட்டலாம். அந்த ஆசையில்தான் அணிகள் கையில் இருக்கும் எதிர்காலத் தேர்வுகளையெல்லாம் அள்ளிக் கொடுத்துவிட்டுப் பின்னால் வருந்துகின்றன.

எங்கள் ஊர் பிரவுன்ஸ் அணிக்கு இதில் நீண்ட அனுபவம் உண்டு. 2007இல் பிரேடி குவின், 2012இல் பிராண்டன் வீடன், 2014இல் ஜானி மான்செல் என்று மூன்று குவார்ட்டர்பேக்குகளை எடுத்தார்கள்; மூவரும் 22ஆவது தேர்வு, ஒருவரும் நிலைக்கவில்லை. ஜாதகத்தில் நம்பிக்கை உள்ளவர்கள் அந்த எண்ணைப் பற்றி ஆராயலாம். என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் வீடனைப் பற்றி, "வயது 28, பேஸ்பால் ஆடிவிட்டு வந்தவர், பக்குவம் உள்ளவர், உடனே பலன் கிடைக்கும்" என்று எழுதியிருக்கிறேன். அதே டிராஃப்டில் 75ஆவதாகப் போய், பின்னாளில் பெரிய ஆட்டக்காரரான ரஸ்ஸல் வில்சனைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அவர் உயரம் ஆறடிக்குக் குறைவு என்பதே அன்று எனக்குப் போதுமான காரணமாக இருந்திருக்க வேண்டும்.

ஆனால் என்னை உட்கார வைத்தது 2018ஆம் ஆண்டுப் பக்கம். ஐந்து குவார்ட்டர்பேக்குகள் முதல் சுற்றில் போன ஆண்டு அது. நான் எழுதியிருந்தவை இவை: "டார்னல்ட்: இவரையே நாம் எடுக்க வேண்டும். ரோசன்: ஐவரில் மிக அழகான வீச்சு, பத்தாண்டு ஆடுவார். மேஃபீல்ட்: உயரம் போதாது, முதல் தேர்வுக்கு உரியவரல்லர். ஆலன்: கை பீரங்கி, குறி கிடையாது. லமார்: ஓடுவார், வீசுவது சந்தேகம்."

பிரவுன்ஸ் முதல் தேர்வாக பேக்கர் மேஃபீல்டை எடுத்தது. நானும் என் மகனும் ஏரிக்கரை அரங்கத்தின் மேலடுக்கில் அமர்ந்து, செப்டம்பர் 20ஆம் தேதி இரவு ஜெட்ஸ் அணியுடனான ஆட்டத்தைப் பார்த்தோம். எதிரணியின் குவார்ட்டர்பேக், நான் கேட்ட அதே சாம் டார்னல்ட். 14–0 என்று நாங்கள் பின்தங்கியிருந்த நிலையில் எங்கள் குவார்ட்டர்பேக் டைரோட் டெய்லர் அடிபட்டு வெளியேற, முதல் பாதி முடியும் தறுவாயில் மேஃபீல்ட் உள்ளே வந்தார். அதுவரை பந்து கைக்கு வந்ததும் தயங்கி, பார்த்து, பிறகே வீசப்பட்டது. இவர் வந்ததும், பந்தை வாங்க ஓடுபவர் தலையைத் திருப்பும் முன்பே பந்து கையை விட்டுப் புறப்பட்டிருந்தது. அவர் திரும்பிப் பார்த்தபோது பந்து மார்புக்கு நேரே நின்றது. மேலடுக்கிலிருந்து பார்த்தால்தான் இது தெரியும். தொலைக்காட்சியில் கேமரா பந்தின் பின்னால் போய்விடும். ஓடுபவர் எந்தக் கணத்தில் திரும்பினார் என்பது திரைக்கு வெளியே நின்றுவிடும். 21–17 என்று வென்றோம். 635 நாட்களுக்குப் பிறகு கிடைத்த முதல் வெற்றி. முன்பின் தெரியாத ஒரு முதியவர் என் மகனைக் கட்டிப்பிடித்து அழுதார். மேஃபீல்டைப் பற்றி நான் எழுதியிருந்ததில் உயரத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை என்பது வீடு திரும்பும் வழியில் உறைத்தது.

அந்தப் பக்கத்தின் மற்ற வரிகள் இதைவிட மோசம். ஜாஷ் ஆலனின் கை பீரங்கி என்றதும் சரி, வயோமிங் பல்கலைக்கழகத்தில் அவர் வீசியவற்றில் ஏறத்தாழ 56 சதவீதமே உரியவர் கையில் சேர்ந்தன என்பதும் சரி. முதல் என்எஃப்எல் பருவத்தில் அது 52.8க்கு இறங்கியபோது நான் பெருமையடித்துக்கொண்டதும் நினைவிருக்கிறது. பிறகு பஃபலோ அணி பொறுமையாக அவருடைய கால்வைப்பையும் வீச்சையும் திருத்தியது. பந்தை வாங்குவதில் தேர்ந்த ஸ்டெஃபான் டிக்ஸை 2020இல் கொண்டுவந்தது. அந்த ஆண்டு அவர் கணக்கு 69.2 சதவீதம். 2024க்கான மிகச் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான். லமார் ஜாக்சனை 32ஆவதாக எடுத்த பால்டிமோர், தன் தாக்குதல் முறையையே அவருக்கேற்ப மாற்றி அமைத்தது. 2019இல் வாக்களித்த ஐம்பது பேரும் அவருக்கே விருது என்றனர். என் அபிமான ஜாஷ் ரோசனுக்கு அரிசோனாவில் கிடைத்தது ஒரே பருவம். பருவத்தின் நடுவிலேயே தாக்குதல் பயிற்சியாளர் போனார், முடிவில் தலைமைப் பயிற்சியாளர் போனார், அடுத்த டிராஃப்டில் கைலர் மர்ரி என்ற இன்னொரு குவார்ட்டர்பேக் வந்தார், ரோசனை மயாமிக்கு அனுப்பிவிட்டார்கள். வீச்சு அழகாகத்தான் இருந்தது.

நாற்றைத் தூக்கிப் பார்த்து வேரை எண்ணிக்கொண்டிருந்தேன். எந்த வயலில் நடப்போகிறார்கள் என்று ஒரு வரிகூட அந்தக் குறிப்பேட்டில் இல்லை. 2019 முதல் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் பயிற்சியாளர் யார், அவரைக் காக்கும் முன்வரிசை எப்படி, உடனே ஆடவேண்டுமா காத்திருக்கலாமா என்பதையும் எழுதுகிறேன். ஆனால் டிராஃப்டுக்கு முந்தைய நாள் அவர் எந்த அணிக்குப் போவார் என்பதே தெரியாதே என்று கேட்பீர்கள். உண்மைதான், அதனால் இப்போதெல்லாம் அந்த வரியை நள்ளிரவில் எழுதவேண்டியிருக்கிறது. ஈஸ்டரை ஒட்டி இங்கே நடக்கும் தியாகராஜ ஆராதனைக்காக வீட்டில் தங்கியிருக்கும் உறவினர்கள் சில ஆண்டுகளில் இதைப் பார்த்துவிட்டு, ஏதோ சாதகம் செய்கிறான் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இரண்டாம் பதிவு: சான் ஹோசேயிலிருந்து

உங்கள் குறிப்பேடாவது உங்களோடு போயிற்று. நான் அலுவலகத்தில் பத்துப் பேர் முன்னிலையில் வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டியவன்.

2021 டிராஃப்டில் எங்கள் பக்கத்து அணியான சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் மூன்றாவது இடத்துக்கு ஏறுவதற்காக அந்த ஆண்டின் 12ஆவது தேர்வையும், அடுத்த இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுகளையும், கூடவே ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வையும் மயாமிக்குக் கொடுத்து, டிரே லான்ஸை எடுத்தது. 2019இல் நார்த் டகோட்டா ஸ்டேட் அணிக்காக 28 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது) வீசியவர், ஒரு இன்டர்செப்ஷன்கூட (எதிரணி பிடித்துக்கொள்ளும் வீச்சு) இல்லை. அந்தச் சுழியத்தைத்தான் நான் பலகையில் பெரிதாக எழுதி வட்டமிட்டேன். பெருந்தொற்றால் 2020இல் அவருக்கு ஒரே ஒரு ஆட்டம்தான் கிடைத்தது என்பதை எழுதினேன், ஆனால் சிறிய எழுத்தில்.

2022 செப்டம்பர் 18 அன்று சான்டா கிளாராவில் நான் அரங்கத்தில் இருந்தேன். முதல் கால்பகுதியிலேயே லான்ஸின் கணுக்கால் முறிந்தது. வண்டியில் அவரை ஏற்றியபோது இரு அணி வீரர்களும் சுற்றி நின்றார்கள். அரங்கமே எழுந்து நின்றது. அவருடைய ஆட்டம் எப்படி என்று அதுவரையிலும் யாருக்கும் தெரியாது, அதற்குப் பிறகும் தெரியவில்லை. ஓராண்டு கழித்து ஒரு நான்காம் சுற்றுத் தேர்வுக்கு ஈடாக டாலஸுக்குப் போனார். தவறாகக் கணித்தேன் என்று சொல்வதற்குக்கூட எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை, ஏனென்றால் அவர் அதிகம் ஆடவே இல்லை.

அதே பருவத்தில், டிசம்பர் 4ஆம் தேதி, மயாமியுடனான ஆட்டத்தில், லான்ஸுக்குப் பதிலாக ஆடிவந்த கராப்போலோவின் பாதம் முறிந்தது. உள்ளே வந்தவர் எண் 13. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் கைப்பேசியில் தேடி, "இவர் 262ஆவது தேர்வாம், கடைசி ஆளாம்" என்றார். டிராஃப்டில் கடைசியாகத் தேர்வாகிறவரைக் கேலியாகப் பட்டம் கட்டி அழைப்பது அங்கே மரபு. அந்த எண் 13, பிராக் பர்டி, அன்று வென்றார். அடுத்த வாரம், இந்த ஆட்டத்தின் மிகப் பெரிய குவார்ட்டர்பேக்குகளில் ஒருவரான டாம் பிரேடி இருந்த டாம்பா அணியை 35–7 என்று வென்றார். அடுத்த பருவத்தில் அணி சூப்பர் பவுல் என்னும் இறுதி ஆட்டம் வரை போயிற்று. பிறகு உட்கார்ந்து யோசித்தபோதுதான், அயோவா ஸ்டேட்டில் அவர் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து ஆடியவர் என்பது கண்ணில் பட்டது. நான்கு ஆண்டுக் காணொளியும் எல்லோருக்கும் கிடைத்ததே. 199ஆவதாகப் போன பிரேடியின் கதையை ஆண்டுதோறும் சொல்லிக்கொண்டே, அதே தவற்றை ஆண்டுதோறும் செய்கிறோம்.

வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்காணல்களில் நான் உட்காருவதுண்டு. அந்த வெள்ளைப் பலகை நாளுக்குப் பிறகு, நேர்காணலில் அரைமணி நேரம் பளிச்சென்று பேசுகிறவரைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் அச்சமாக இருக்கிறது.

மூன்றாம் பதிவு: ஷார்லட்டிலிருந்து

எங்கள் கதை 2023. முதல் தேர்வுக்காக எங்கள் ஊர் பான்தர்ஸ் அணி சிகாகோவுக்குக் கொடுத்தது தன் 9ஆவது தேர்வு, 61ஆவது தேர்வு, 2024இன் முதல் சுற்று, 2025இன் இரண்டாம் சுற்று, இவற்றோடு டிஜே மூர். எடுத்தது பிரைஸ் யங்கை. பந்தை வாங்குவதில் தேர்ந்த ஒருவரை விற்று, பந்து வீசுகிறவரை வாங்கியிருக்கிறோம் என்பதை அந்த மகிழ்ச்சியில் யாரும் எண்ணவில்லை, நானும்தான்.

எல்லோரும் அவருடைய உயரத்தைப் பற்றியே பேசினார்கள், ஐந்தடி பத்து அங்குலம். நான் அந்தப் பருவத்தில் மூன்று ஆட்டங்களை நேரில் பார்த்தேன். உயரத்தால் தடுக்கப்பட்ட பந்துகள் என்று பெரிதாக எதுவும் என் கண்ணில் படவில்லை. நான் பார்த்தது அவருடைய தலைக்கவசத்தை. பருவத்தின் தொடக்கத்தில், பந்து வந்ததும் தலைக்கவசம் நிமிர்ந்து தூரத்தைப் பார்த்தது. பின்பகுதியில், பந்து வந்த இரண்டாவது நொடியிலேயே அது தாழ்ந்தது; தன்னை நோக்கி வருபவர்களின் கால்களைப் பார்க்கத் தொடங்கியிருந்தார். 62 முறை கீழே தள்ளப்பட்ட ஒருவர் வேறு எங்கே பார்ப்பார்? 11 ஆட்டங்களில் பயிற்சியாளர் ஃபிராங்க் ரைக் நீக்கப்பட்டார். 2 வெற்றி, 15 தோல்வி.

2024இல் இரண்டே ஆட்டங்களுக்குப் பிறகு யங்கை உட்கார வைத்தார்கள். அவருக்குப் பதிலாக ஆடிய ஆன்டி டால்டன் ஒரு கார் விபத்தில் கையைக் காயப்படுத்திக்கொள்ளவே, அக்டோபர் இறுதியில் மறுபடி உள்ளே வந்தார். அதன் பிறகு நான் பார்த்த ஆட்டத்தில் தலைக்கவசம் மீண்டும் நிமிர்ந்திருந்தது. பருவத்தின் கடைசி ஆட்டத்தில் அட்லாண்டாவைக் கூடுதல் நேரத்தில் 44–38 என்று வென்றோம். அவர் நல்ல தேர்வா என்று இன்றும் ஷார்லட்டில் சண்டை நடக்கிறது. எனக்கு இன்னும் ஒரு பக்கம் சாய முடியவில்லை.

கிளீவ்லேண்ட் நண்பரிடம் ஒரு கேள்வி: அந்தக் குறிப்பேட்டில் சரியாகச் சொன்னது ஒன்றாவது உண்டா?

நான்காம் பதிவு: டாலஸ் பக்கத்திலிருந்து

சுருக்கமாக ஒன்று. என் மகன் உயர்நிலைப் பள்ளி அணியில் குவார்ட்டர்பேக். கோடையில் ஆளுக்கு ஏழு பேர் ஆடும் போட்டிகள் நடக்கும்; அதில் முன்வரிசை கிடையாது, பாய்ந்து வந்து தள்ள ஆளும் கிடையாது. அதில் எடுத்த காணொளிகளைப் பார்த்து நானே மயங்கியிருக்கிறேன். அவனுடைய பயிற்சியாளர் அவற்றைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. "மழையில், மூன்றாவது முயற்சியில், தள்ளப்பட்ட அடுத்த பந்தைக் காட்டுங்கள்" என்கிறார். 2021 மார்ச்சில் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில், அணிகளுக்குத் திறனைக் காட்டும் பயிற்சியில், ஜாக் வில்சன் இடப்பக்கம் ஓடியபடியே உடலுக்குக் குறுக்காக வீசிய அந்தப் பந்தை நாம் எல்லோரும் எத்தனை முறை பார்த்தோம்? அன்று அங்கே தடுப்பவர் ஒருவரும் இல்லை. ஜெட்ஸ் அவரை இரண்டாவதாக எடுத்தது. மூன்று பருவங்களில் கைவிட்டது.

மீண்டும் கிளீவ்லேண்டிலிருந்து

ஷார்லட் நண்பருக்கு: ஒன்று உண்டு. 2023ஆம் ஆண்டுப் பக்கத்தில் "சிஜே ஸ்ட்ரவுட்: இவரே முதல்" என்று எழுதியிருக்கிறேன். ஏதோ ஒரு அறிவுத்திறன் சோதனையில் அவர் மதிப்பெண் குறைவு என்ற செய்தி கசிந்து எல்லோரும் பின்வாங்கிய வாரம் அது. அவருடைய கல்லூரி அணியான ஓஹாயோ ஸ்டேட் ஜார்ஜியாவிடம் 42–41 என்று தோற்ற ஆட்டத்தில், இடம் குறுகும்போதெல்லாம் கால்களை நகர்த்திக்கொண்டே கண்களை மட்டும் தூரத்தில் வைத்திருந்ததைப் பார்த்து எழுதினேன். ஹூஸ்டன் இரண்டாவதாக எடுத்தது. முதல் பருவத்தில் 4108 யார்டு, 23 டச்டவுன், ஐந்தே இன்டர்செப்ஷன்.

இதைப் பெருமையாக எழுதிவிட்டு, இரண்டு பக்கம் முன்னால் புரட்டினேன். 2021. அந்த ஆண்டு டிராஃப்ட் எங்கள் ஊரிலேயே, இந்த ஏரிக்கரையிலேயே நடந்தது. ஜஸ்டின் ஃபீல்ட்ஸ், அவரும் ஓஹாயோ ஸ்டேட். "இவரே முதல்" என்று அதே கையெழுத்தில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டிருக்கிறேன். அவரை 11ஆவதாக எடுத்த சிகாகோ, மூன்று பருவங்களுக்குப் பிறகு ஒரு ஆறாம் சுற்றுத் தேர்வுக்கு ஈடாகப் பிட்ஸ்பர்குக்கு அனுப்பிவிட்டது.