பார்க்கின்சனுக்குச் சர்க்கரை ஊசி: யாருக்காவது அனுபவம் உண்டா?

வணக்கம். அப்பாவுக்குப் பார்க்கின்சனும் இருக்கு, சர்க்கரையும் இருக்கு. சொந்தக்காரர் ஒருத்தர் வாட்ஸ்அப்ல "சர்க்கரை ஊசி நடுக்கத்தை நிறுத்திடும்"னு அனுப்பியதிலிருந்து அப்பா அதையே கேட்டுட்டு இருக்கார்.

தேடிப் படிச்சேன். 2024-ல வந்த பிரான்ஸ் ஆய்வுல 156 பேர். ஒரு வருஷம் லிக்ஸிசெனடைட் (சர்க்கரைக்கான ஜிஎல்பி-1 வகை ஊசி, இன்சுலின் இல்ல) போட்டவங்களுக்கு அசைவுக் கோளாறு கூடாம கிட்டத்தட்ட அப்படியே இருந்துது. மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவங்களுக்கு, அசைவுக் கோளாறை அளக்கற மதிப்பெண்ல அது மூணு புள்ளி அளவு கூடுச்சு. ஆனா மருந்து எடுத்தவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்குக் குமட்டல். 2025-ல வந்த பிரிட்டன் ஆய்வுல 194 பேர்; அதுல பாதிப் பேருக்கு, 96 வாரம், அதே வகை எக்ஸெனடைட் கொடுத்துப் பார்த்ததுல பலனே தெரியல. இதை மட்டும் யாரும் ஃபார்வர்டு பண்ண மாட்டாங்க!

என் கவலை வேற. இந்த ஊசிகள் இரைப்பை காலியாகறதைத் தாமதப்படுத்தும். பார்க்கின்சனுக்கு எடுக்கற லெவோடோபா மாத்திரை குடல்லதான் உறிஞ்சப்படுது. அப்போ மாத்திரை வேலை செய்யறது தள்ளிப்போகுமா? அப்பா ஏற்கெனவே மெலிஞ்சிருக்கார், பசியும் குறைஞ்சா?

உங்க வீட்டுல யாராவது சர்க்கரைக்காக இந்த வகை ஊசியும் லெவோடோபாவும் சேர்த்து எடுக்கறாங்களா? மாத்திரை நேரத்தை மாத்த வேண்டி வந்துதா? எடை குறைஞ்சுதா? அடுத்த முறை நரம்பியல் டாக்டர்கிட்ட என்ன கேட்கணும்னும் சொல்லுங்க. நாட்டு வைத்தியம் மட்டும் தயவுசெஞ்சு வேண்டாம்.