புதுப்பிப்பு: ராமேஸ்வரத்துக்குச் சுற்றுவழியில் போய் வந்தாச்சு

மதுரையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு நேர் ரோட்டை விட்டு, கண்மாயும் கடலும் பார்த்துக்கொண்டே கேமராவோடு போக வழி கேட்டிருந்தேன். ஜனவரிக் கடைசியில் போய் வந்துவிட்டோம்.

பரமக்குடியில் நேர் ரோட்டை விட்டு இறங்கி முதுகுளத்தூர் வழி சித்திரங்குடி. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022-ல் சேர்ந்த கண்மாய். விடிகாலையில் கருவேல மரமெல்லாம் சங்குவளை நாரைகள். கரையில் ஆடு மேய்த்த அண்ணன், "தம்பி, வெள்ளைச் சட்டையோட நிக்காதீங்க, பறந்துரும்" என்றார். கறுப்புத் துண்டைப் போர்த்திக்கொண்டேன். அரை மணியில் ஒரு நாரை வாயில் சுள்ளியோடு எனக்கு நேரே வந்து இறங்கியது. பயணத்தின் சிறந்த படம் அதுதான்.

அங்கிருந்து சாயல்குடி, கிழக்குக் கடற்கரைச் சாலை, வாலிநோக்கம். உப்பளம் உச்சிவெயிலில் கண்ணைக் கூசும், படம் தேறவில்லை. மாலையில் போங்கள். ஏர்வாடி, கீழக்கரையில் சாப்பாட்டோடு சரி.

வழியில் ஏறிப் படம் எடுக்க மலை உண்டா என்று கேட்ட நண்பருக்கு: நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் அதற்கு வழியில்லை. ராமேஸ்வரத்துக் கந்தமாதன பர்வதம் பெயரில்தான் பர்வதம், மணல்மேடுதான். ஆனால் மேலே நின்றால் தீவு மொத்தமும் தெரியும்.

தனுஷ்கோடியின் கோடியில் இருக்கும் அரிச்சல்முனையில் உப்புக்காற்று லென்ஸில் படிந்ததைச் சட்டை நுனியால் துடைத்துக் கீறிவிட்டேன். முதலில் ஊதுங்கள், பிறகு துடையுங்கள். சாயங்காலம் ஆனால் அங்கிருந்து கிளப்பிவிடுவார்கள், அஸ்தமனத்தை நம்பிப் போகாதீர்கள். பாம்பன் சாலைப்பாலத்தில் வண்டியை நிறுத்தியும் படம் எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் சத்தம் தாங்கவில்லை.